ஏட்டில் வெற்றி, கரையில் 134 உயிர்கள்: ஆர் பள்ளத்தாக்கு வெள்ள எச்சரிக்கை குறித்த நிகழ்வு ஆய்வு

மேற்கு ஜெர்மனியில் ஆர் ஆற்றின் கரையில் ஆல்டனார் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள நீர்மட்டமானி 2021 ஜூலை 14 இரவு 8.45 மணிக்கு 5.75 மீட்டர் என்று பதிந்தது. அதுவே அதன் கடைசிப் பதிவு. அதன்பின் வெள்ளம் மானியையே கொண்டுபோய்விட்டது. சாதாரண நாட்களில் அந்த இடத்தில் நீர் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதற்கு முன் மானி கண்ட உச்சம் 2016 ஜூன் 2 அன்று பதிவான 3.71 மீட்டர். சுவர்களில் படிந்திருந்த சேற்றுத் தடங்களை வைத்துப் பின்னர் கணக்கிட்டபோது, அந்த இரவு நீர் சுமார் 10 மீட்டர் வரை ஏறியிருந்தது தெரியவந்தது. ஆர் பள்ளத்தாக்கில் மட்டும் குறைந்தது 134 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கை அமைப்புகளை மதிப்பிடுபவர்களிடம் நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. எச்சரித்தோம், வெள்ளம் வந்தது: முதல் கட்டம். எச்சரித்தோம், வரவில்லை: பொய் எச்சரிக்கை. எச்சரிக்கவில்லை, வந்துவிட்டது: தவறவிட்டது. எச்சரிக்கவும் இல்லை, வரவும் இல்லை: நான்காவது. வந்த வெள்ளங்களில் எத்தனையை முன்கூட்டிச் சொன்னோம், சொன்னவற்றில் எத்தனை பொய்த்தன என்ற இரண்டு விகிதங்களை இந்த அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். உலகெங்கும் திடீர் வெள்ள எச்சரிக்கையின் தரம் பெரும்பாலும் இந்த எண்களில்தான் பேசப்படுகிறது.

இந்த அட்டவணையில் ஆர் வெள்ளம் முதல் கட்டத்தில்தான் விழும். அதாவது வெற்றி. மிக உயர்ந்த எச்சரிக்கை நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நிலையைத் தாண்டி வெள்ளம் வந்தது. அறிவிப்புக்கும் உச்சத்துக்கும் இடையே பல மணி நேரம் இருந்தது. இப்படிப்பட்ட ஒரு நிகழ்வை வெற்றியாக எண்ணும் மதிப்பீட்டு முறையில் பெரிய ஓட்டை இருக்கிறது என்பதே என் வாதம். எனவே இந்த ஆய்வில் விகிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த நாளை மணி மணியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

ஆறும் மழையும்

ஆர் 90 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஆறு. ஐஃபெல் மலைப்பகுதியில் பிறந்து, சின்சிக் நகருக்கு அருகே ரைனில் கலக்கிறது. நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டர். சரிவுகள் செங்குத்தானவை, அடியில் பலகைக்கல், மேலே திராட்சைத் தோட்டங்கள். பள்ளத்தாக்கு குறுகலானது என்பதால், தண்ணீர் விரிந்து பரவ இடமில்லை. கூடினால் உயரத்தான் வேண்டும்.

அந்த ஜூலையில் நிலம் ஏற்கெனவே நனைந்து கிடந்தது. 'பெர்ண்ட்' என்று பெயரிடப்பட்ட காற்றழுத்தத் தாழ்வு நகராமல் நின்று கொட்டியபோது, மண்ணில் இறங்க இடமில்லாத மழை அப்படியே ஆற்றுக்கு வந்தது. மேல்பள்ளத்தாக்கின் முகாம் திடல்களிலிருந்து வண்டிவீடுகளும் வேரோடு பெயர்ந்த மரங்களும் மிதந்து வந்து பாலங்களின் கண்களை அடைத்தன. ஒவ்வொரு பாலமும் சற்று நேரம் அணையாக நின்று, பின் உடைந்தது. 60க்கும் மேற்பட்ட பாலங்கள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. வெள்ளத்தைக் கணிக்கும் கணினி நிரலான 'மாதிரி', மழையை ஆற்றுநீராக மாற்றிக் கணக்கிடும். அடைபட்ட பாலத்தை அது அறியாது.

யாருக்கு எப்போது தெரிந்தது

ஐரோப்பிய வெள்ள விழிப்பு அமைப்பு 2002இல் எல்பே, டான்யூப் ஆறுகளில் வந்த பெருவெள்ளங்களுக்குப் பிறகு உருவாக்கப்பட்டது. 2012 முதல் முழுப் பயன்பாட்டில் இருக்கிறது. ரைன் படுகைக்கான முதல் அறிகுறிகளை அது ஜூலை 10ஆம் தேதியே தேசிய நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டது. 14ஆம் தேதிக்குள் ரைன், மாஸ் படுகைகளுக்குச் சென்ற அறிவிப்புகள் 25க்கு மேல். ஜெர்மன் வானிலைத் துறையும் பெருமழை குறித்து முன்கூட்டியே எச்சரித்திருந்தது. 'நான்கு நாட்களுக்கு முன்பே தெரியும்' என்று பின்னர் பல தலைப்புச் செய்திகள் வந்ததற்கு இதுவே அடிப்படை.

அந்தத் தலைப்புகளை நான் முழுதாக ஏற்கவில்லை. ஐரோப்பிய அமைப்பின் முறையான ஆற்றுவெள்ள அறிவிப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட படுகைகளுக்கானது. ஆரின் படுகை அதில் பாதிகூட இல்லை. ரைன் படுகையில் எங்கோ வெள்ளம் வரலாம் என்பது ஒரு செய்தி. ஆல்டனாரில் இன்றிரவு உன் வீட்டின் முதல் மாடி மூழ்கும் என்பது வேறு செய்தி. முதல் செய்தி நான்கு நாட்களுக்கு முன்பே இருந்தது. இரண்டாவது கடைசிவரை எவர் கையிலும் எழுத்தாக இருக்கவில்லை. முதல் செய்தியை இரண்டாவதாக மாற்றும் பொறுப்பு ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்துக்கும், அதற்குக் கீழே ஆர்வைலர் மாவட்டத்துக்கும் இருந்தது.

இனி 14ஆம் தேதி. பிற்பகலிலேயே மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் கணிப்பு ஆல்டனாரில் 5 மீட்டரைத் தாண்டிவிட்டது. 2016இன் உச்சத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அதிகம். மாலை 5.17க்கு அந்த அலுவலகம் வரைபடத்தை ஊதா நிறமாக்கியது. அதற்கு மேல் எச்சரிக்கை நிலை கிடையாது.

அதற்கு அரை மணி நேரம் முன்புதான் மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டிருந்தது. நிலைமையைக் கவனமாகப் பார்க்கிறோம், ஆனால் மிகக் கடும் வெள்ள அபாயம் இல்லை என்பது அதன் சாரம். அந்த மாலை முழுவதும் அது திருத்தப்படவில்லை. ஒரே அரசின் அலுவலகம் ஊதா என்கிறது. அமைச்சகத்தின் குறிப்பு கவலை வேண்டாம் என்கிற தொனியில் நிற்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஊதா நிறத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். செய்திக்குறிப்போ செய்தியறைகள் வழியாகத் தானே வீட்டுக்கு வந்து சேரும்.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். மாலை 6.25 அளவில் ஆல்டனாருக்கான கணிப்பு சுமார் 4 மீட்டராகக் குறைக்கப்பட்டது. புதிதாக வந்த மழைக் கணிப்பு குறைவான மழையைக் காட்டியது; வெள்ளக் கணக்கு அதைப் பின்பற்றி இறங்கியது. மாதிரியை ஓட்டியவர்கள் விதிமீறி எதையும் செய்யவில்லை. ஆனால் மாவட்ட நெருக்கடிக் குழுவின் மேசையில் இருந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். பிற்பகலில் 5, இப்போது 4. அதாவது 2016ஐவிடச் சற்றே கூடுதல். 2016ஐ எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், சமாளித்திருக்கிறார்கள். மூச்சுவிட ஒரு வாய்ப்பு.

அந்த மூச்சு இரவு 8.20 அளவில் நின்றது. புதிய கணிப்பு ஏறக்குறைய 7 மீட்டர். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் மேல்பள்ளத்தாக்கின் ஷூல்டு கிராமத்தில் வீடுகளே ஆற்றோடு போய்க்கொண்டிருந்தன.

மாவட்டம் மிக உயர்ந்த நிலையான ஐந்தாம் நிலையை அறிவித்து, கரையோர மக்களை வெளியேறச் சொன்னது இரவு 11.09க்கு. ஆற்றின் இருபுறமும் 50 மீட்டருக்குள் வசிப்பவர்கள் வீட்டைவிட்டுச் செல்லுங்கள் என்பது உத்தரவு. தண்ணீர் 50 மீட்டரோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்தது. 51ஆவது மீட்டரில் வசித்தவர் அந்த உத்தரவைக் கேட்டு என்ன புரிந்துகொண்டிருப்பார்? தனக்கு ஆபத்தில்லை என்றுதானே?

மணிக்கணக்கை இப்படிப் பிரிக்கலாம். ஊதா நிலையிலிருந்து வெளியேற்ற உத்தரவு வரை 5 மணி 52 நிமிடம். 7 மீட்டர் கணிப்பிலிருந்து உத்தரவு வரை ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம். எச்சரிக்கையின் மதிப்பீட்டில் 'முன்னறிவிப்பு நேரம்' என்று பொதுவாக எழுதப்படுவது, கணிப்பு வெளியான நொடியிலிருந்து வெள்ளம் வந்த நொடி வரையிலான இடைவெளி. கரையில் வாழ்பவருக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. ஒவ்வொரு மேசையும் தின்றது போக மீந்ததுதான் அவருடையது. எந்த மேசை எவ்வளவு தின்றது என்று எழுதாத அறிக்கையை நான் மதிப்பீடு என்று ஏற்கமாட்டேன்.

இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பாட் நாயனார்-ஆர்வைலர் நகரத்தவர்கள். அது ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மேலே ஷூல்டில் வீடுகள் சரிந்து பல மணி நேரம் கழித்துத்தான் அங்கே வெள்ளம் முழு வேகத்தில் வந்தது. வெள்ளம் முதலில் தாக்கிய ஊர்களைவிட, தாமதமாக வந்து சேர்ந்த ஊரில் அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள். அது பெரிய நகரம், மக்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நகரத்துக்கு மழைக் கணிப்பே தேவைப்பட்டிருக்காது. மேலே என்ன நடக்கிறது என்று ஒரு நம்பகமான தகவல் போதும். இரவு 10 மணியைத் தாண்டிய வேளையில் காவல்துறை ஹெலிகாப்டர் ஒன்று பள்ளத்தாக்கின் மேல் பறந்து, மூழ்கிய வீடுகளைப் படம்பிடித்தது. அந்தப் படங்கள் பொதுவெளிக்கு வந்தது 2022இல். அதன் பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் மாநில உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

அளவுகோலே குட்டையாக இருந்தது

ஆல்டனாரில் தொடர் அளவீடு இரண்டாம் உலகப்போருக்குப் பின்தான் தொடங்கியது. அந்த ஏழு பதிற்றாண்டுக் கணக்கை வைத்து, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் விநாடிக்கு 241 கனமீட்டர் என்று வகுத்திருந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சுமார் 8,500 கனஅடி. காவிரிக் கரைக்காரர்களுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. இந்த ஆறு ஓடும் இடுக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016 வெள்ளம் 236 கனமீட்டர். ஆகவே அந்தப் பகுதி மக்கள் நூறாண்டு வெள்ளத்தை ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டவர்கள் போல் ஆனார்கள்.

ஆனால் 1804இலும் 1910இலும் இதே பள்ளத்தாக்கில் பெருவெள்ளங்கள் வந்து பலர் மாண்டிருக்கிறார்கள். பழைய ஆவணங்களையும் கட்டடங்களில் செதுக்கிய வெள்ளக் குறிகளையும் வைத்து, பான் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் 2021க்குப் பல ஆண்டுகள் முன்பே அவற்றைக் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார்கள். 1804இல் வந்தது ஆயிரம் கனமீட்டரைத் தாண்டியது என்பது அவர்கள் முடிவு. அதாவது அதிகாரப்பூர்வ நூறாண்டு வெள்ளத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல். 2021இல் வந்ததும் அந்த வரிசையில்தான் வைக்கப்படுகிறது. அபாய வரைபடத்தில் அந்தப் பழைய வெள்ளங்கள் சேர்க்கப்படவில்லை. மானி அளக்காததைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே காரணம்.

எச்சரிக்கையின் மதிப்பீடு அந்த இரவிலிருந்து தொடங்கினால் இது கண்ணில் படாது. இரவு 8.20க்கு '7 மீட்டர்' என்ற எண் மேசைக்கு வந்தபோது, அதை எந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பது? 7 மீட்டர் வந்தால் எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எந்த முதியோர் இல்லம் மூழ்கும் என்று காட்டும் தாள் கையில் இருந்தால்தானே அந்த எண்ணுக்குப் பொருள்? நினைவில் இருந்த ஒரே படம் 2016. பார்த்த வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளத்தை மனிதமனம் தானாகக் கற்பனை செய்துகொள்ளாது.

கரையில் இருந்தவர்களிடம் கேட்டபோது

போட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களிடம் இணையவழியில் ஒரு கருத்தாய்வு நடத்தினார்கள். 'உங்களை எச்சரித்தார்களா?' என்ற கேள்விக்கு ரைன்லாந்து-பலாட்டினேட்டில் 29 சதவீதம் பேரும், அண்டை மாநிலமான வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபேலியாவில் 35 சதவீதம் பேரும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள். மூன்றில் ஒருவர். இது கொடுமைதான். ஆனால் என்னை நிறுத்தியது அடுத்த எண். எச்சரிக்கை கிடைத்தவர்களில் 85 சதவீதம் பேர் மிகக் கடும் வெள்ளத்தை எதிர்பார்க்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அந்த நேரத்தில் தெரியவில்லை என்றவர்கள் 46 சதவீதம்.

இந்த 85 சதவீதம் நான்கு கட்ட அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் வராது. செய்தி போய்ச் சேர்ந்தது, பொருள் சேரவில்லை. எச்சரிக்கையின் தரத்தை அளப்பதற்கு இதைவிட நல்ல கேள்வி இருப்பதாக நான் நினைக்கவில்லை: செய்தியைக் கேட்டவுடன் உங்கள் மனத்தில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தது? கணுக்காலா, இடுப்பா, கூரையா? பேரிடருக்குப் பின் வீடு வீடாகப் போய் இதைக் கேட்கலாம். செலவு அதிகமில்லை. மாதிரியின் பிழைக்கணக்கை மூன்று தசமதானம் வரை எழுதும் அறிக்கைகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படுவது அரிது.

பொய் எச்சரிக்கை என்ற அச்சம்

அதிகாரிகள் தயங்குவதற்கு ஒரு காரணம் எப்போதும் சொல்லப்படும். வெளியேறச் சொல்லி, வெள்ளம் வராமல் போனால் அடுத்த முறை மக்கள் நம்பமாட்டார்கள். புலி வருது கதை. இந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஆரின் கணக்கைப் பாருங்கள். கணிப்பு 5 மீட்டர் காட்டிய பிற்பகலில் தாழ்நிலத் தெருக்களின் மக்களை மாடிக்கோ மேட்டுக்கோ போகச் சொல்லி, பின் 4 மீட்டரே வந்திருந்தால் என்ன இழப்பு? கோடைக்கால மாலை ஒன்று உறவினர் வீட்டில் கழிந்திருக்கும். 4 மீட்டர் என்பதே அந்த ஊர் அளந்தறிந்த உச்சத்துக்கு மேல். அதைப் பொய் எச்சரிக்கை என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், திடீர் வெள்ளத்தில் விகிதக் கணக்கே நிற்காது. ஒரு சிற்றாற்றில் இத்தகைய வெள்ளம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வந்தால் அதிகம். ஒன்றிரண்டு நிகழ்வுகளை வைத்து நூற்றுக்கு எத்தனை என்று போடுவது எண்ணுக்குச் செய்யும் அநியாயம். பல ஆறுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் எண் கிடைக்கும், ஆறு தொலைந்துபோகும்.

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆற்றில் வந்த வெள்ளமும் இதே வகை. தேசிய வானிலைச் சேவையின் திடீர் வெள்ள எச்சரிக்கை அதிகாலை 1.14க்கு வெளியானது. ஹண்ட் என்ற இடத்தில் ஆறு முக்கால் மணி நேரத்தில் சுமார் 8 மீட்டர் ஏறியது. கெர் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாமுக்கு வந்து உறங்கிக்கொண்டிருந்த சிறுமிகளும் அவர்களில் உண்டு. அட்டவணைப்படி இதுவும் முன்கூட்டிச் சொன்ன வெள்ளம்தான்.

ஒலித்த கைபேசிகள்

2021இல் ஜெர்மனியில் கைபேசிக் கோபுரத்திலிருந்து அந்தப் பகுதியில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நொடியில் செய்தி அனுப்பும் வசதி பயன்பாட்டில் இல்லை. பக்கத்து நாடான நெதர்லாந்தில் அது 2012 முதல் இருந்தது. ஜெர்மனி செயலிகளை நம்பியிருந்தது. செயலியை முன்பே தரவிறக்கி வைத்தவருக்கு மட்டுமே அது பேசும். பனிப்போர்க் காலத்தில் நாடெங்கும் இருந்த அபாயச் சங்குகளில் பெரும்பகுதி 1990களுக்குப் பிறகு கழற்றப்பட்டுவிட்டன. 2020 செப்டம்பரில் நடந்த தேசிய எச்சரிக்கை ஒத்திகையில் செயலிச் செய்தி அரை மணி நேரம் தாமதமாக வந்தது. தோல்வி என்று அரசே ஒப்புக்கொண்டது. பத்து மாதம் கழித்து வெள்ளம் வந்தது. கோபுரவழி எச்சரிக்கை 2023 பிப்ரவரியில்தான் முறையாகத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் 2023 அக்டோபரில் இதே முறையைச் சோதித்தார்கள். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். ஒரே கணத்தில் எல்லோர் பையிலும் அந்த அலறல். நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். முன் இருக்கையில் ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். சோதனைச் செய்தி, எதுவும் செய்ய வேண்டாம் என்று திரையில் இருந்தது. இந்த ஒலி வெறும் ஒத்திகையாக இல்லாமல் ஒரு நாள் வரும்போது, திரையில் இருக்கப்போகும் வாக்கியத்தை யார் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். 'கனமழை வாய்ப்பு, பாதுகாப்பாக இருங்கள்' என்று வந்தால் பாட்டி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

சின்சிக்

ஆர் ரைனைச் சேரும் இடத்துக்கு அருகில், சின்சிக்கில் மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லம் ஒன்று இருந்தது. ஆல்டனாரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கீழே. அங்கே வெள்ளம் புகுந்தது 15ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு மேல். இரவுப் பணியில் இருந்தவர் சிலரை மாடிக்குக் கொண்டுசேர்த்தார். மற்றவர்களை எடுக்கத் திரும்புவதற்குள் தரைத்தளம் நிறைந்துவிட்டது. அங்கே உறங்கிய 12 பேர் இறந்தார்கள்.

வெள்ளத்துக்குப் பின் மாவட்ட ஆட்சித் தலைவர் மீது தொடங்கிய குற்ற விசாரணை 2024 ஏப்ரலில் கைவிடப்பட்டது. பேரிடர் ஏற்பாட்டில் குறைகள் இருந்தன என்று அரசு வழக்குத் தரப்பு சொன்னது. ஆனால் முன்னதாக எச்சரித்திருந்தால் இன்னார் பிழைத்திருப்பார் என்று உறுதியாக நிறுவ முடியாது என்றது. குற்றவியல் சட்டத்துக்கு அந்த உறுதி தேவை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன் அது வேண்டும்தான். எச்சரிக்கை அமைப்பை மதிப்பிடுபவருக்கு முன்னால் இருக்கும் கணக்கு வேறு. 12 பேர், ஒரு படிக்கட்டு, ஒரு மாடி. ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மேலே சேர்க்கப் பத்து நிமிடம் என்று வைத்தால் 2 மணி நேரம். 7 மீட்டர் கணிப்பு வந்த இரவு 8.20இலிருந்து எண்ணினால் அந்தப் படிக்கட்டுக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் இருந்தது.